குள்ள ஜேயைக் கண்ட அனுபவம்: வஹாக்கா மலைக்காடுகளிலிருந்து

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்துக்குச் செல்லவிருக்கும் நண்பர் ஒருவர் குள்ள ஜேயை எங்கே காணலாம் என்று கேட்டிருந்ததால், அங்கே நான் கண்டதை எழுதுகிறேன். காக்கைக் குடும்பத்தின் மிகச் சிறிய பறவைகளுள் ஒன்றான இதன் நீளம் 20 முதல் 23 செ.மீ. வரைதான், நீளத்தில் நம்மூர் மைனாவைவிடச் சற்றே குறைவு, எடையிலோ அதில் பாதிகூட இராது. உலகில் மெக்சிகோவைத் தவிர வேறெங்கும் இல்லாத இப்பறவை முன்பு வெராக்ரூஸ், புவெப்லா மாநிலங்களிலும் பதிவாகியிருந்தது. இன்று பெரும்பாலும் வஹாக்காவின் வடபகுதியிலுள்ள சியெரா ஹுவாரெஸ் மலைகளிலேயே காணப்படுகிறது.

அப்பகுதிப் பூர்வகுடிகளான சாபோதெக் மக்களின் ஊர்ப் பொதுக்காடு ஒன்றில், அவ்வூர் வழிகாட்டி ஒருவருடன் விடியற்காலையில் மலைமுகட்டுப் பாதையில் நடந்தோம். பைனும் ஓக்கும் கலந்த அந்தக் காட்டில் ஓக் கிளைகளெல்லாம் பாசியும் அன்னாசிக் குடும்பத்துத் தொற்றுச் செடிகளும் மூடிக் கிடந்தன. ஜேயைத் தேட வேண்டாம், சாம்பல்வரி ரென் பறவைகளின் கரகரத்த கூச்சலுக்குக் காது கொடுங்கள் என்றார் அவர். இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் குள்ள ஜேக்கள் அந்த ரென் கூட்டங்களோடு சேர்ந்தே இரை தேடித் திரிகின்றன. அவை அமைதியாக இருக்கும், ரென்களோ ஓயாமல் சத்தமிடும். நெடுநேரம் மூடுபனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு அந்தக் கூச்சல் சரிவின் கீழிருந்து மேலேறி வந்தது. அதன் பின்னாலேயே, ஓக் மரத்தின் நடுக்கிளைகளில், ஆழ்ந்த சாம்பல்நீல உடலும் கருநிற முகமூடியும் வெளிர்ந்த தொண்டையும் கொண்ட ஜேக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாவி வந்தன. ஒரு பறவை தொற்றுச் செடியின் இலையடுக்குக்குள் தலையை முழுவதும் நுழைத்து உலர்ந்த சருகுகளை வெளியே இழுத்துப் போட்டுப் பூச்சி தேடியதை, இருநோக்கி தேவைப்படாத தொலைவிலிருந்தே பார்த்தேன். அத்தனை மகிழ்ச்சியை வேறெந்தப் பறவையும் எனக்குத் தந்ததில்லை.

இப்பறவைக்கு எந்த ஓக் மரமும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தொற்றுச் செடிகள் அடர்ந்து வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். முதிர்ந்த மரங்களை வெட்டிவிட்டு இளங்கன்றுகளை நட்டால் பசுமை திரும்பும், ஜேயின் இரைத்தளம் திரும்பாது. ஆகவே அங்கே செல்வோர் ஊர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ளுங்கள். காட்டைக் காப்போரின் கைக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதையும் தயவுசெய்து தவிர்க்கவும்.

மறுமொழி:

இதே பேரினத்தைச் சேர்ந்த நீலமுக்காட்டு ஜேயை நான் கோஸ்ட்டா ரிக்காவின் மொன்டெவெர்தே முகில் காட்டில் கண்டேன். கருமை படர்ந்த உடலில் பின்னந்தலையும் பிடரியும் மட்டும் வான்நீலமாக ஒளிர்ந்ததால், இருண்ட அடர்காட்டுக்குள்ளும் உடனே அடையாளம் தெரிந்தது. அங்கும் பாசி மூடிய கிளைகளைக் கிளறித்தான் அது இரை தேடியது. வஹாக்காவுக்கு எந்த மாதத்தில் சென்றீர்கள் என்பதையும் குறிப்பிட்டால் பயணத்தைத் திட்டமிட உதவியாக இருக்கும்.

மறுமொழி:

நவம்பரில் சென்றோம். முகட்டில் காலைக் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளி உடை அவசியம்.