ரிமோட் டெஸ்க்டாப்பில் பிரிண்ட் வரவில்லையா? வேலை எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் கணினி சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கு இந்தப் போன் பழக்கமானதுதான்: "இன்னா சார், லாரி கேட்டாண்ட நிக்குது, இன்வாய்ஸ் வரமாட்டேங்குது!" கணக்கு மென்பொருள் சென்னை பெரியமேட்டில் ஹெட் ஆபீஸ் சர்வரில் இருக்கும். தொழிற்சாலையில் இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்துக் கணினியை இங்கிருந்தே இயக்கும் வசதி) வழியாக உள்ளே போய் பில் போடுவார்கள். பில் அங்கே தயாராகும், தாள் இங்கே வரவேண்டும். சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் மூன்று பிரதி எடுக்கவேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டியோடு ஒன்று, நமக்கு ஒன்று. அதனால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது.

இந்த அவசரத்தில் பலரும் முதலில் செய்வது பிரிண்டர் டிரைவரை, அதாவது கணினியைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடுவது. பாதி நாள் அதிலேயே போய்விடும். நான் டிரைவரைக் கடைசியில்தான் தொடுவேன். முதலில் தொழிற்சாலை கணினியிலிருந்தே நேரடியாக ஒரு டெஸ்ட் பேஜ். அது வந்தால் பிரிண்டரும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. அப்புறம் சர்வருக்குள் நோட்பேடில் ஒரு வரி அடித்து பிரிண்ட் கொடுத்து, அங்கே உள்ள கியூவையும் (அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை) இங்கே உள்ள கியூவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்ப்பேன். வேலை அங்கேயே நின்றால் கோளாறு சர்வரிலோ செஷனிலோ (சர்வருக்குள் நாம் நுழைந்திருக்கும் இணைப்பு). இங்கே வந்து நின்றால் இந்தக் கணினியில். நோட்பேட் வந்து, பில் கொடுத்தால் மட்டும் இரண்டிலும் எதுவுமே தெரியவில்லை என்றால் கணக்கு மென்பொருள் வேறு ஏதோ பிரிண்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடைசி வகைதான் சிப்காட்டில் ஒரு ஷூ அப்பர் யூனிட்டில் நடந்தது. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா, "நேத்து வந்துச்சு, இன்னிக்கு வரல, நான் எதையும் தொடல" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. ரிமோட் டெஸ்க்டாப்பில் நம் பிரிண்டர் சர்வருக்குள் தெரியும்போது பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் "ரீடைரக்டட் 3" என்பது போல ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். அது செஷன் எண். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் 3 என்பது 7 ஆகிவிடலாம். மென்பொருளோ பழைய 3-ஐயே சேமித்து வைத்திருந்தது, இல்லாத பிரிண்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மென்பொருளில் குறிப்பிட்ட பெயரை எடுத்துவிட்டு, டீஃபால்ட் பிரிண்டர் என்று வைத்தேன். விண்டோஸ் தானாக டீஃபால்ட் பிரிண்டரை மாற்றும் அமைப்பையும் அணைத்தேன். பிரிண்டரே பட்டியலில் இல்லை என்றால் வேறு கதை: உள்ளே நுழையும் முன் லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் பிரிண்டர்ஸ் டிக் இருக்கிறதா பாருங்கள். மேலே எக்ஸை அழுத்தி மூடினால் செஷன் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் சைன் அவுட் செய்துவிட்டு மறுபடி நுழையுங்கள்.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ்தான் (ஊசியால் ரிப்பன் மேல் தட்டி அடிக்கும் பிரிண்டர்). கார்பன் பிரதி ஒரே அடியில் வருவதால் அவர்கள் அதை விடமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அங்கே ஒரு பில் அடிக்க வெகு நேரம் ஆனது. அருகில் நின்று பார்த்தால் ஹெட் ஒரே வரியின் மேல் திரும்பத் திரும்ப ஓடியது. எழுத்தை எழுத்தாக அடிக்காமல், புள்ளி புள்ளியாகப் படமாக வரைந்தது. பக்கத்துக்குப் பக்கம் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவி, மொத்தத் தொகை அடுத்த தாளில் விழுந்தது.

காரணம் ஈஸி பிரிண்ட். ரிமோட் டெஸ்க்டாப்பில் அச்சடிக்க விண்டோஸ் சர்வர் 2008-லிருந்து வந்த வசதி. சர்வரில் தனித்தனி டிரைவர் வேண்டாம், பக்கத்தை எக்ஸ்பிஎஸ் (பிடிஎஃப் போன்ற ஒரு கோப்பு வகை) வடிவில் கட்டி நம் கணினிக்கு அனுப்பும், இங்குள்ள டிரைவர் அடித்துக்கொள்ளும். லேசர் பிரிண்டருக்கு அருமையான ஏற்பாடு. டாட் மேட்ரிக்ஸுக்குத்தான் ஒத்துவராது. ஹெட் ஆபீஸ்காரரிடம் பேசி, அதே டிரைவரை எழுத்துப் பிசகாமல் அதே பெயரில் சர்வரில் போடச் சொன்னேன். குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக விதிகள்) ஈஸி பிரிண்ட் டிரைவருக்கு முதலிடம் தரும் விதியை நிறுத்தினோம். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் தாளின் உண்மையான அளவுக்கு ஒரு ஃபார்மும் (தாள் அளவுக் குறிப்பு) உருவாக்கினோம். அப்புறம் பில் சரசரவென்று வந்தது, மொத்தத் தொகையும் கட்டத்துக்குள் உட்கார்ந்தது.

சத்துவாச்சாரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வேறு வகைத் தொல்லை. கோடையில் கரண்ட் போய் வந்தாலே நெட்வொர்க் பிரிண்டர் "ஆஃப்லைன்". ரவுட்டர் மறுபடி எழுந்து பிரிண்டருக்குப் புது ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) கொடுத்துவிடும். கணினியோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டரிலேயே கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்து, அதில் உள்ள ஐபியை கணினியில் அந்தப் பிரிண்டரின் போர்ட்டில் உள்ளதோடு ஒப்பிட்டால் நிமிடத்தில் தெரிந்துவிடும். ரவுட்டரில் அந்த ஐபியை பிரிண்டருக்கே ஒதுக்கிவிட்டேன். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துப் போடும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை எடுத்துவிட்டு, ஐபிக்கு நேராக அனுப்பும் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் வைத்தேன், எண் 9100. பிங் கொடுத்தால் பிரிண்டர் பதில் தருகிறது, ஆனாலும் ஆஃப்லைன் காட்டுகிறது என்றால் அந்தப் போர்ட்டில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் (பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் அமைப்பு) டிக்கை எடுத்துப் பாருங்கள்.

2021-ஐ இந்த வேலை செய்கிற யாரும் மறக்கமாட்டார்கள். ஜூலையில் விண்டோஸின் அச்சு சேவையில் பிரிண்ட் நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு கணினியில் பிரிண்டரை மாட்டி ஷேர் செய்திருந்த அலுவலகங்களில் 0x0000011b என்ற பிழை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஒரு மதிப்பை பூஜ்ஜியமாக்கினால் உடனே வேலை செய்யும், பலரும் அதைச் செய்தார்கள். நான் செய்வதில்லை. அப்டேட் மூடிய கதவை நாமே திறந்து வைப்பது அது. இரண்டு பக்கக் கணினியையும் முழுதாக அப்டேட் செய்யுங்கள். முடிந்தால் நெட்வொர்க் போர்ட் உள்ள பிரிண்டருக்கு மாறி, ஒவ்வொரு கணினியிலிருந்தும் நேராக ஐபிக்கு அனுப்புங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு பதில்:
எங்கள் லுங்கி யூனிட்டில் லேபிள் பிரிண்டர். ரிமோட்டில் கொடுத்தால் ஒரு ஸ்டிக்கருக்குப் பிறகு மூன்று வெற்று ஸ்டிக்கர் வந்தது. இங்கே லேபிள் அளவு சரியாக இருந்தும், சர்வருக்குள் ஏ4 என்று இருந்தது. அங்கேயும் மாற்றியதும் நின்றுவிட்டது.

ஆரணியிலிருந்து:
பட்டுக்கடையில் கியூவில் ஒரு வேலை மாட்டிக்கொண்டு டிலீட் ஆகவே இல்லை அண்ணா. ஸ்பூலரை (விண்டோஸின் அச்சு சேவை) நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் இருந்ததை அழித்து, மறுபடி ஓடவிட்டேன். சரியாகிவிட்டது. இன்னொன்று, எங்கள் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட் இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கிறது. பரவாயில்லையா?

தம்பி, அதை இன்றைக்கே மூடுங்கள். பிரிண்ட் இல்லாமல் ஒரு நாள் ஓட்டலாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் கடையின் கணக்கு மொத்தமும் பூட்டிக்கொள்ளும். விபிஎன் (இணையத்தில் நமக்கென ஒரு பூட்டிய வழி) போட்டு அதன் வழியாக மட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரவுட்டர் என்று எழுதுங்கள், அதில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.