காட்டோரத்தில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள், எங்கள் மரக்கறித் துண்டு என்ன ஆகும்?

மஸ்கெலியாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் போன வாரம் இரண்டு எல்லைக்கல் நட்டு ஒரு பலகையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பலகை சிங்களத்தில் மட்டும்தான். ஒருவர் சரணாலயம் என்கிறார், இன்னொருவர் தேசிய பூங்கா வரப்போகிறது, எல்லாரையும் எழுப்பிவிடுவார்கள் என்கிறார். அப்பா இருபது வருடமாகக் கரட்டும் லீக்ஸும் போடும் துண்டு கல்லுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. விறகும் அங்கேதான். இந்தப் பெயர்களுக்குள் என்ன வித்தியாசம், யாரிடம் போய்க் கேட்பது?

மூடுபனி:
பயப்படாதீர்கள், கல் நட்டதும் பூங்கா ஆகிவிடாது. 1937ஆம் ஆண்டு விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி எல்லையைக் குறித்து அரசாங்க வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவிக்க வேண்டும். ஹக்கல மாதிரிக் கடும் இயற்கை ஒதுக்கம் என்றால் சும்மா உள்ளே கால் வைக்க முடியாது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்கா ஆனது, டிக்கட் எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். சரணாலயம்தான் இருப்பதில் இலகுவானது, அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம், பயிர் செய்யலாம், வேட்டை கூடாது. நக்கிள்ஸ் வேறு கதை, அது வனத் திணைக்களத்தின் பாதுகாப்பு வனம், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழ் வராது. அதனால் பலகையில் எந்தத் திணைக்களத்தின் பெயர் என்று முதலில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
தம்பி மூடுபனி சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். 'தனியார் காணி' என்ற சலுகை நமக்கு எங்கே? தோட்டக் காணி அரசாங்கத்துடையது, 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்ததும் நிர்வாகத்தையும் குத்தகையையும்தான், நம் ஆட்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதனால் கல் எந்தப் பக்கம் நட்டாலும் அப்பாவின் நிலை பலவீனம்தான். தோட்டத்து ஆபீஸில் வாய்மொழியாகப் 'போட்டுக்கொள்' என்று சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொன்று, தேசிய ஒதுக்கமாக (கடும் இயற்கை ஒதுக்கம், தேசிய பூங்கா எல்லாம் இதில் அடங்கும்) அறிவித்தால் அதன் எல்லையிலிருந்து ஒரு மைல் வரை அபிவிருத்தி வேலைகளுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சரணாலயத்துக்கு அது கிடையாது. காடும் தேயிலையும் மாறி மாறிக் கிடக்கும் நம் பக்கத்தில் ஒரு மைல் என்பது முழு டிவிஷன்.

ஆனாலும் காட்டைக் காப்பதை நான் எதிர்க்க மாட்டேன். சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் 2010இல் உலக மரபுரிமை ஆனது. வரைபடத்தில் அவை தனித்தனித் துண்டு. சிறுத்தை வரைபடம் பார்த்தா நடக்கிறது? இரவில் நம் கொழுந்து மலை வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தையைச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. பன்றிக்கு வைத்தது என்றார்கள். பன்றி இரவோடு இரவாகக் கிழங்கைத் தோண்டிப் போட்டால் வயிறு எரியும், எனக்கும் தெரியும், ஆனால் கம்பிக்குப் பன்றி எது சிறுத்தை எது என்று தெரியாதே. உங்கள் துண்டில் கம்பி இருந்தால் இன்றே கழற்றுங்கள் தம்பி, அதில் சிறுத்தை மாட்டினால் காணிப் பிரச்சினை எல்லாம் சின்னதாகிவிடும்.

நோர்வூட் டீச்சர்:
கேட்க வேண்டிய இடம் பிரதேச செயலகம். ஜீ.எஸ். (கிராம சேவகர்) மூலம் போங்கள், வர்த்தமானியில் எல்லை விபரம் இருக்கும் அட்டவணையைக் கேளுங்கள், தமிழிலும் கட்டாயம் இருக்கும். தரவில்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கொடுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம். தனியாகப் போகாமல் லயத்தில் நாலு பேர் கையெழுத்து வைத்துப் போங்கள்.

மஸ்கெலியாக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பலகையை போட்டோ எடுத்துவிட்டேன், நாளைக்குப் போடுகிறேன், யாராவது வாசித்துச் சொல்லுங்கள். கம்பியைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். ஒன்றும் பேசவில்லை, கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போயிருக்கிறார்.