காந்தி மை ஃபாதர் இந்திப் படம் பார்த்தவங்க இருக்கீங்களா? எந்தக் காட்சி இன்னும் விடாம துரத்துது?

தூங்காமூஞ்சி:
2007 ஆகஸ்ட் 3 ரிலீஸ். அனில் கபூர் தயாரிப்பு, பெரோஸ் அப்பாஸ் கான் டைரக்‌ஷன். அடுத்த வாரமே சக் தே இந்தியா வந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிடுச்சு, இதை யாரும் சீந்தல. கதை தெரிஞ்சதுதான், காந்தியோட மூத்த பையன் ஹரிலால். நான் சொல்ல வந்தது முதல் அஞ்சு நிமிஷம் பத்தி மட்டும்.

பம்பாய் ஆஸ்பத்திரியில ஒரு ஆளைக் கொண்டாந்து போடறாங்க. அழுக்கு, தாடி, பாதி நினைவுதான் இருக்கு. அப்பா பேர் கேக்கறாங்க. "பாபு"ங்கறான். அவர் ஊருக்கே அப்பாய்யா, உன்னைப் பெத்தவர் பேரைச் சொல்லுங்கறாங்க.

நானும் எங்கப்பாவும் 11 வருஷம் பேசிக்கல. காரணம் இப்ப வேணாம். அவரை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு ஃபாரத்துல "நோயாளிக்கு உறவுமுறை"ன்னு ஒரு கட்டம். மத்த எல்லாம் எழுதிட்டேன், அதுல மட்டும் பேனா நிக்குது. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு அவர் மூஞ்சியையும் என் மூஞ்சியையும் பார்த்துட்டு "மகன்தானே சார்?"னு கேட்டு அவங்களே எழுதிக்கிட்டாங்க. ஸ்ட்ரெச்சர்ல கிடந்த அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்ப எனக்கு ஞாபகம் வந்தது ஹரிலாலா நடிச்ச அக்‌ஷய் கன்னாவோட அந்த மூஞ்சி.

ஓரத்துச்சீட்டு:
எனக்கு ஆரஞ்சுப் பழம். வேற எதுவும் ஞாபகமில்ல.

அம்மாவோட உக்காந்து பார்த்தேன். அம்மாவுக்கு இந்தியும் வராது, சப்டைட்டிலும் படிக்க முடியாது, நான்தான் பக்கத்துல முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஸ்டேஷன்ல கூட்டம் காந்தி பேரைச் சொல்லிக் கத்துது. நடுவுல ஒரே ஒரு குரல், "மாதா கஸ்தூர்பா கீ ஜே." பையன் கந்தலா வந்து அம்மா கையில ஒரு பழத்தைக் குடுக்கறான், நீதான் சாப்பிடணும்னு. எனக்கு ஒண்ணுமில்லையாங்கறார் அப்பா. இல்ல, நீங்க இவ்வளவு பெரிய ஆளா இருக்கறதே அம்மாவாலதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான். இது நிஜமாவே கட்னி ஸ்டேஷன்ல நடந்தது.

எங்க அண்ணன் வீட்டை விட்டுப் போய் அப்ப ஆறு வருஷம். படத்துல குடி, கடன், மதம் மாறினது எல்லாம் வந்துட்டுப் போச்சு. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அந்தப் பழத்தை அவ தின்னாளா?"

பழையபேப்பர்:
எல்லோரும் ஹரிலாலுக்காகவே உருகுகிறீர்கள். கொஞ்சம் நியாயமாகப் பேசுவோம். பாரிஸ்டர் படிக்க வேண்டும் என்று பையனுக்கு ஆசை. காந்தியின் நண்பர் பிராண்ஜீவன் மேத்தா உதவித்தொகை தர முன்வருகிறார். காந்தி அதைத் தன் மகனுக்கு வாங்கவில்லை, முதலில் உறவினர் சகன்லாலுக்கும் பிறகு போராட்டத் தோழர் சோராப்ஜிக்கும் போனது. பொதுவாழ்க்கையில் இருப்பவர் தன் பிள்ளைக்கு எடுத்துக்கொண்டிருந்தால் இன்று நாமே என்ன பேசியிருப்போம்? குடித்ததும் அப்பா பெயரைச் சொல்லிப் பணம் வாங்கியதும் யார் செய்தது? 1936-இல் இஸ்லாத்துக்கு மாறி அப்துல்லா ஆனார், சில மாதங்களில் ஆரிய சமாஜம் வழியாகத் திரும்பினார். அதில் கொள்கை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

காந்தியாக வந்த தர்ஷன் ஜரிவாலாவுக்கு தேசிய விருது கிடைத்தது. சிறந்த துணை நடிகர்! அப்பா துணைப் பாத்திரமாம்.

என் அனுபவம் என்று கேட்டால், என் மகனோடு பார்த்தேன். உதவித்தொகைக் காட்சி வந்தபோது அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அவ்வளவுதான்.

சில்லறைகாசு:
ஹரிலால் பொண்டாட்டி குலாப் பத்தி யாருமே பேச மாட்டீங்களா? சில்லுனு ஒரு காதல்ல பார்த்த அதே பூமிகாதான். 1918-ல அந்தப் பொண்ணு செத்துப் போகுது. அதுக்கப்புறம் ஹரிலாலைப் பிடிச்சு நிறுத்த ஆளே இல்ல. அந்த வீட்டுக்குள்ள அவன் நடக்கற நடை ஒண்ணு வரும், நான் அங்கேயே ஆஃப் பண்ணிட்டேன். மிச்சத்தை இன்னும் பார்க்கல.

மூணாம்மாடி:
@பழையபேப்பர் சார், நியாயம் பேசறதுன்னா முழுசாப் பேசணும். ஹரிலால் பிறந்தது 1888. அதே வருஷம் செப்டம்பர்ல அப்பா லண்டனுக்குக் கப்பல் ஏறிட்டார், திரும்பினது 1891. ரெண்டு வருஷத்துல தென்னாப்பிரிக்கா. பையனும் பின்னாடி அங்க போய் 1908-லேருந்து திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனான், "சின்ன காந்தி"ன்னே பேர். 1911-ல வீட்டை விட்டுக் கிளம்பினப்பகூட அப்பா போட்டோவை எடுத்துக்கிட்டுத்தான் போனான். அதை என்ன கணக்குல வைப்பீங்க? கடைசிப் பையன் தேவதாஸ் அப்பா பேச்சைக் கேட்டார், ராஜாஜி பொண்ணுக்காக அஞ்சு வருஷம் காத்திருந்தார், 1933-ல கல்யாணம். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இருக்குமா?

@தூங்காமூஞ்சி தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, நானும் இதே கொதிப்புல வெந்தவன்தான். அப்பாவைப் போய்ப் பாருங்க. முன்னாடியே போன் பண்ணாதீங்க, பண்ணினா அவங்க ஒரு பதிலைத் தயார் பண்ணி வச்சிருப்பாங்க. முதல் நாள் பத்து நிமிஷத்துக்கு மேல உக்காராதீங்க. பழசு எதையும் எடுக்கக் கூடாது, அவரா எடுத்தாலும் "அது இருக்கட்டும்பா"ன்னுட்டு மாத்திரை டைம் கேளுங்க. போறப்ப வேலை ஏதாவது வச்சுக்கங்க, ஃபேன் ரிப்பேரு, பேங்க் பாஸ்புக் என்ட்ரி, இந்த மாதிரி. கையில வேலை இருந்தா கண்ணைப் பார்க்க வேண்டியதில்ல. சொத்துப் பேச்சு கூடவே கூடாது. மனைவியை ரெண்டாவது தடவை கூட்டிப் போங்க, முதல் தடவை வேணாம். எங்கப்பா விஷயத்துல நான் இதையெல்லாம் தலைகீழா பண்ணினேன், வாசலோட அனுப்பிட்டார்.

தூங்காமூஞ்சி:
@மூணாம்மாடி அண்ணே, அப்பா அந்த அட்மிஷன்லயே போயிட்டார். நாலாவது நாள். நான்தான் எழுதாம விட்டுட்டேன்.

மூணாம்மாடி:
மன்னிச்சுக்கோ தம்பி.

பழையபேப்பர்:
@ஓரத்துச்சீட்டு, உங்கள் அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

ஓரத்துச்சீட்டு:
"தின்னிருப்பாங்கம்மா"ன்னேன். அம்மா சரின்னு எழுந்து போய் விளக்கை அணைச்சாங்க. பின்னாடி ஒரு நாள்தான் படிச்சேன், பையனுக்கு நாம ஒண்ணும் குடுக்கலையேன்னு கஸ்தூர்பா கூடையிலேருந்து பழத்தை எடுக்கறதுக்குள்ள ரயில் நகர்ந்துடுச்சாம். அதை அம்மாகிட்ட சொல்லல.