மெதுவா பாடுற ஆல்பம் ஏன் இப்படி ஒட்டிக்குது?

அல்சூர்வாசி:
ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாருன்னு பெல் அண்ட் செபாஸ்டியன்ங்கிற பேண்டோட டைகர்மில்க் ஆல்பம் போட்டேன், பெங்களூரு சில்க் போர்டு டிராஃபிக்ல பஸ் நகரவே இல்ல, முதல்ல என்னடா இது மொட்டை மாடில யாரோ தனக்குத்தானே முனகுற மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. ரெண்டாவது தடவ வரிய கவனிச்சதும் தனியா சிரிச்சிட்டேன், பக்கத்து சீட்டு அக்கா ஒரு மாதிரி பாத்தாங்க. அப்படி என்னதான் இருக்கு இதுல?

பழையகேசட்:
அந்த முதல் பாட்டுதானே? சகோதரி கல்யாணத்தன்னிக்கு பாடுறவனோட கூடப்பிறந்தவன் தான் ஒரு கே (gay)ன்னு போட்டு உடைக்கிறான், பாடுறவனுக்கு என்னன்னா கொஞ்ச நாளைக்கு நம்மள யாரும் நோண்ட மாட்டாங்கன்னு நிம்மதி 😂 நம்ம வீட்டு கல்யாணத்துல நடக்காததா. இத கத்திப் பாடினா காமெடியாயிடும் ப்ரோ, அவரு பாவம் போல பாடுறதாலதான் குத்துது. எழுதிப் பாடின ஸ்டூவர்ட் மர்டாக் நாள்பட்ட சோர்வு நோயால பல வருஷம் வீட்டோட கிடந்தவரு. 1996ல கிளாஸ்கோ ஸ்டோ காலேஜ்ல மியூசிக் பிசினஸ் கோர்ஸ் பசங்க நடத்துன லேபிள் போட்ட ரெக்கார்டு இது, மொத்தமே 1000 காப்பிதான். 1999லதான் மறுபடி வந்துச்சு.

தூக்கக்கலக்கம்:
எனக்கு மூணாவது பாட்டுலயே கண்ணு சொருகிடுச்சு, மன்னிச்சிருங்க.

அல்சூர்வாசி:
@தூக்கக்கலக்கம் ஸ்பீக்கர்ல கேட்டீங்களா? ஹெட்போன் போட்டு ஒருக்கா கேளுங்க, அந்த டிரம்பெட் வர்ற இடம்... சரி என் ஸ்டாப் வந்துருச்சு