ஸ்பெக்ட்ரம்னு அரசு உண்மையிலேயே எதைத்தான் விக்குது?

புதுமுகம்77:
ரொம்ப நாளா மண்டைய குடையற சந்தேகம், அபத்தமா இருந்தா திட்டாம சொல்லுங்க. ஸ்பெக்ட்ரம் ஏலம்னு நியூஸ் வருது, இத்தனை மெகாஹெர்ட்ஸ் இத்தனை ஆயிரம் கோடின்னு. ஆனா அலையை உண்டாக்கறது டவர்ல இருக்கற மெஷின்தானே, மெஷின் கம்பெனியோடது, கரண்ட் பில்லும் கம்பெனிதான் கட்டுது, அப்ப அரசு எதை எடுத்து குடுக்குது? மணல், நிலக்கரின்னா அள்ள அள்ள தீரும், புரியுது. இது தீரவே தீராதே. வைஃபைக்கு யாரும் லைசென்ஸ் வாங்கறதில்ல, அதே மாதிரி போனுக்கும் விட்டுட்டா என்ன? அப்புறம் ஒரு தடவ வாங்கிட்டா ஆயுசுக்கும் அவங்களுக்கேவா?

டெசிபல்:
நல்ல கேள்விதான் தம்பி. நான் ஆர்எஃப் டீம்ல, அதாவது டவரோட ரேடியோ அலையை பாத்துக்கற டீம்ல, பதினோரு வருஷம் குப்பை கொட்டினவன், அதனால அந்தப் பக்கத்து கதையைத்தான் சொல்ல முடியும். அரசு அலையை குடுக்கல. இந்த எல்லைக்குள்ள, இந்த அதிர்வெண்ல இருந்து இந்த அதிர்வெண் வரைக்கும், உன்னைத் தவிர வேற எவனும் வாயத் தொறக்க மாட்டான், தொறந்தா நாங்க போய் மூடறோம், இதான் அவங்க குடுக்கற சரக்கு. உதாரணத்துக்கு பழைய 2ஜி போனோட ஜிஎஸ்எம் 900 பேண்ட் (அலைவரிசைத் தொகுப்பு) எடுத்துக்கங்க, 890ல இருந்து 915 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போன் பேசும் டவர் கேக்கும், 935ல இருந்து 960 வரைக்கும் டவர் பேசும் போன் கேக்கும், ரெண்டும் ஜோடி. இந்த ரெண்டு 25-ஐயும் துண்டு போட்டு நாலு கம்பெனிக்கு குடுத்தா ஆளுக்கு எவ்வளவு வரும்னு பாருங்க, அப்ப புரியும் ஏன் அடிச்சுக்கறாங்கன்னு.

தீராதுன்னு சொன்னீங்கல்ல, அது பாதி நெசம். இன்னிக்கு உபயோகிச்சா நாளைக்கு குறையாது, சரி. ஆனா ஒரே நேரத்துல ஒரே இடத்துல ரெண்டு பேர் உபயோகிச்சா ரெண்டு பேருக்கும் கிடைக்காது. ஒரு கதை சொல்றேன். ஒரு 3ஜி டவர், அதுல ஒரு செக்டர்ல, அதாவது ஒரு திசையில மட்டும் தினம் சாயங்காலம் ஆறு ஆறரைக்கு கால் கட் ஆகும், ராத்திரி பதினொண்ணுக்கு தானா சரியாயிடும். டவர் காதுல விழற இரைச்சல் சாதாரணமா மைனஸ் 105 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு) கிட்ட இருக்கணும், அந்த நேரத்துல மைனஸ் 88க்கு ஏறி நிக்குது, கணக்கு போட்டா சுமார் 50 மடங்கு. போன் அனுப்பறதே கால் வாட், அந்த சத்தத்துல அது என்ன கேக்கும். கையில அலையை அளக்கற அனலைசர், தோள்ல மீன் முள்ளு மாதிரி ஆன்டெனா, மூணு நாள் மொட்டைமாடி மொட்டைமாடியா ஏறி இறங்கி கடைசியில பாத்தா ஒரு கட்டடத்து மேல சிக்னல் பூஸ்டர், ஆன்லைன்ல வாங்கினது, உள்ள போற ஆன்டெனாவும் வெளிய போற ஆன்டெனாவும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது, மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி வச்சா ஊளையிடுமே அதேதான். போர்டு லைட்டும் அதுவும் ஒரே சுவிட்ச், அதான் சாயங்காலம் மட்டும். வயரை உருவினதும் ஸ்க்ரீன்ல இருந்த மேடு சப்புன்னு படுத்துச்சு. ஓனர் என்ன சொன்னார் தெரியுமா, என் காசு என் மாடி உனக்கென்னன்னார். சட்டப்படி அதை கழட்டற அதிகாரம் எங்களுக்கு கிடையாது, லைசென்ஸ் குடுத்த அரசுதான் வந்து நோட்டீஸ் குடுக்கணும். நீங்க கேட்ட "எதை விக்குது"ங்கறதுக்கு அந்த நோட்டீஸ்தான் பதில்.

வைஃபைல அந்த நோட்டீஸ் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மைக்ரோவேவ் அடுப்பும் அங்கதான் கத்துது, ப்ளூடூத்தும் அங்கதான். சின்ன பவர்ல, நாலு சுவத்துக்குள்ள ஓடறதால பொழைச்சுக்குது. அதுலயும் பவர் இதுக்கு மேல போகக்கூடாதுன்னு விதி உண்டு, விதியே இல்லாத காடு இல்ல. அஞ்சாறு கிலோமீட்டருக்கு அடிக்கற டவரை அப்படி விட்டா யாருக்கும் டயல் டோன் கூட வராது.

புதுமுகம்77:
அண்ணே சூப்பர். அப்ப நிலத்துக்கு பட்டா மாதிரின்னு வச்சுக்கலாமா?

டெசிபல்:
பட்டா இல்ல, குத்தகை. பெரும்பாலும் 15 இல்ல 20 வருஷம், முடிஞ்சா அரசுகிட்டயே திரும்பும், வேணும்னா மறுபடி காசு கட்டணும். நாட்டுக்கு நாடு மாறும், பிரிட்டன்ல முதல் தவணை முடிஞ்சதும் வருஷா வருஷம் கட்டணம் கட்டிட்டு தொடர்ந்து வச்சுக்கலாம்னு ஒரு முறை இருக்கு.

மூணாவது_சுத்து:
டெக்னிக்கல் அண்ணன் சொல்லிட்டார், யாருக்கு குடுக்கறதுங்கற கூத்தை நான் சொல்றேன், எனக்கு பிடிச்ச சப்ஜெக்ட். முன்னாடி பல நாடுகள்ல "உன் திட்டத்தை எழுதிக் குடு, நல்லா இருக்கறவனுக்கு தர்றோம்"ங்கற முறைதான், கிண்டலா இதை அழகிப் போட்டின்னே சொல்வாங்க. ஜப்பான் 2019ல 5ஜிக்கு கூட ஏலம் விடாம இப்படித்தான் குடுத்துச்சு. இதுல யார் அழகுன்னு முடிவு பண்ற அதிகாரி கையில மொத்த குடுமியும் இருக்கும்.

அமெரிக்கா 80கள்ல குலுக்கல் சீட்டு போட்டுச்சு, நெசமாவே சீட்டு. செல்போனுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவன் எல்லாம் அப்ளிகேஷன் போட்டான், கேப் காட்ங்கற இடத்துக்கு லைசென்ஸ் விழுந்த ஒரு குரூப் அதை கையோட ஒரு போன் கம்பெனிக்கு 4.1 கோடி டாலருக்கு தள்ளிட்டு போயிடுச்சு. இந்தியா "முதல்ல வந்தவனுக்கு முதல்ல"ன்னு 2008ல 2ஜி லைசென்ஸ் குடுத்த கதை எல்லாருக்கும் தெரியும், 2012 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸையும் ரத்து பண்ணிடுச்சு.

சரி ஏலம்தான் நியாயம்னு வந்தா அதுலயும் ஓட்டை. நியூசிலாந்து 1990ல டிவி அலைவரிசைக்கு ஒரு ஏலம் விட்டுச்சு, ஜெயிச்சவன் தான் சொன்ன விலையை கட்ட வேணாம், ரெண்டாவதா வந்தவன் சொன்ன விலையை கட்டினா போதும்னு. புத்தகத்துல அருமையான ஐடியா. ஒருத்தன் ஒரு லட்சம் டாலர்னு எழுதினான், ரெண்டாவது ஆள் எழுதினது 6 டாலர், கட்டினதும் 6 டாலர். குறைந்தபட்ச விலைன்னு ஒண்ணு வைக்க மறந்துட்டாங்க.

ஜெர்மனி 1999 இன்னும் ஜோர். பத்து துண்டு ஸ்பெக்ட்ரம், விலையை ஏத்தணும்னா 10 சதவீதமாவது ஏத்தணும்னு விதி. மானெஸ்மான் கம்பெனி முதல் சுத்துல அஞ்சு துண்டுக்கு மெகாஹெர்ட்ஸுக்கு 18.18 மில்லியன் மார்க், மீதி அஞ்சுக்கு 20 மில்லியன்னு போட்டுச்சு. அது என்ன 18.18? அதுமேல 10 சதவீதம் போட்டு பாருங்க, 20 வரும். "நீ அந்த அஞ்சை 20க்கு எடுத்துக்க, நான் இந்த அஞ்சை 20க்கு வச்சுக்கறேன்"னு எதிராளிக்கு கண்ணடிச்சிருக்கான், ஒரு வார்த்தை பேசல! டி-மொபிலுக்கு புரிஞ்சுது, அப்படியே ரெண்டே சுத்துல ஏலம் முடிஞ்சுது. இந்த மாதிரி ஓட்டையெல்லாம் அடைக்கறதே ஒரு படிப்பாயிடுச்சு, 1994ல அமெரிக்கா நடத்தின ஏலத்துக்கு விதி வகுக்கறதுல பங்கெடுத்த பொருளாதார நிபுணர்கள் மில்க்ரோமும் வில்சனும் 2020ல நோபல் வாங்கினாங்க.

கசப்பு_காபி:
எல்லாம் சரி பாஸ், ஆனா கோடி கோடியா ஏலத்துல கட்டினவன் அதை எங்க எடுப்பான்? நம்ம ரீசார்ஜ்லதான். இது மறைமுக வரி, அலங்காரமா ஏலம்னு பேரு.

மூணாவது_சுத்து:
இதை எல்லாரும் சொல்வாங்க, நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். கட்டினது கட்டினதுதான், இலவசமா கிடைச்சிருந்தா மட்டும் ரேட்டை குறைச்சிருப்பானா? பக்கத்து கம்பெனி என்ன ரேட்டு போடறானோ அதை வச்சுத்தான் இவனும் போடுவான். ஆனா வேற விதத்துல நீங்க சொல்றதுல விஷயம் இருக்கு. 2000ல ஜெர்மனி 3ஜி ஏலத்துல ஆறு கம்பெனி சேந்து கிட்டத்தட்ட 5,080 கோடி யூரோ கட்டினாங்க, அதுல ரெண்டு கம்பெனி சொந்தமா 3ஜி நெட்வொர்க்கே ஓட்டாம ஒதுங்கிடுச்சு. பேராசையில அரசு அடிப்படை விலையை ஏத்தி வச்சா வேற கூத்து. இந்தியாவுல 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு 2016லயும் 2021லயும் ஒருத்தன் கூட கை தூக்கல, விலையை குறைச்ச பிறகு 2022லதான் வித்துச்சு. அத்தனை வருஷம் அது சும்மா கிடந்துச்சு, யாருக்கு லாபம்?

டெசிபல்:
அந்த சும்மா கிடந்ததுதான் எனக்கு வயித்தெரிச்சல். 700 தூரம் போகும், சுவத்தை தாண்டி உள்ள வரும், கிராமத்துக்கு அதுதான் வேணும். 3.5 கிகாஹெர்ட்ஸ் கொள்ளளவு தரும், அவ்வளவு தூரம் போகாது. 26 கிகாஹெர்ட்ஸுக்கு எதிர்ல கை வச்சாலே தடுமாறும். அதனால எவ்வளவுக்கு வித்தாங்கங்கறதை விட லைசென்ஸ்ல என்ன கண்டிஷன் எழுதினாங்கன்னு நான் முதல்ல பாப்பேன். 2010ல ஜெர்மனி 800 பேண்ட் குடுக்கறப்ப, இணையம் இல்லாத சின்ன ஊரை முதல்ல முடி, அப்புறம்தான் பெரிய ஊருன்னு எழுதிக் குடுத்துச்சு. அந்த ஒரு வரிக்கு விலை உண்டு, கம்பெனிக்காரன் கணக்கு போட்டு ஏலத்துல கம்மியா கேப்பான், கேக்கட்டுமே.

புதுமுகம்77:
கடைசியா ஒண்ணு, இந்த 700, 600 எல்லாம் இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு? புதுசா எங்க இருந்து வருது?

மூணாவது_சுத்து:
புதுசா எதுவும் வராது, ஏற்கனவே உக்காந்திருக்கறவனை எழுப்பணும். அதெல்லாம் டிவியோட இடம், டிஜிட்டலுக்கு மாறினதும் கம்மி இடத்துலயே எல்லா சேனலும் அடங்கிடுச்சு. எந்த பேண்ட் எதுக்குன்னு முதல்ல ஐடியு (ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பு) கூட்டத்துல, மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவ, எல்லா நாடும் உக்காந்து பேசி முடிவு பண்ணும். அமெரிக்கா 2017ல ஒரு வேலை பண்ணுச்சு, ஒரு பக்கம் டிவிக்காரங்ககிட்ட "எவ்வளவு குடுத்தா எந்திரிப்பே"ன்னு விலை குறைஞ்சுகிட்டே போற ஏலம், இன்னொரு பக்கம் போன் கம்பெனிங்களுக்கு விலை ஏறிக்கிட்டே போற ஏலம். மொத்தம் 1,980 கோடி டாலர் வந்துச்சு, அதுல பாதிக்கு மேல, ஆயிரம் கோடிக்கு கொஞ்சம் அதிகம், எந்திரிச்ச டிவிக்காரங்களுக்கே போச்சு.

புதுமுகம்77:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டெசிபல் அண்ணே, எங்க ஆபீஸ் மாடியிலயும் ஒரு பூஸ்டர் இருக்குன்னு இப்பதான் ஞாபகம் வருது 😬

டெசிபல்:
கம்பெனி கொண்டு வந்து மாட்டினதா, நீங்களே வாங்கினதா? ரெண்டாவதுன்னா நாளைக்கு காலையில முதல் வேலையா வயரை உருவுங்க.