புதுப்பிப்பு: ஜூலை வெயிலில் அம்மாவோடு ரோம் போய் வந்தேன்

கப்பல் ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் ஒரு பகல்தான் நிற்கும், இந்த வெயிலில் 68 வயது அம்மாவை ரோமுக்குக் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

துறைமுகத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், பஸ்ஸில்தான் போனோம். பதினொரு மணிக்கே 36 டிகிரி. கொலோசியம் வரிசையில் பத்து நிமிடம் நின்றதுமே அம்மா முகம் வாடிவிட்டது. வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்களைக் காப்பாற்றியவை தெருக் குழாய்கள். மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் அவற்றுக்கு ‘நசோனி’ என்று பெயர். 1874 முதல் இருக்கின்றன, நகரம் முழுக்க சுமார் 2,500. சில்லென்ற குடிநீர், இலவசம். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியாக நீர் பீச்சும். அதிகம் குனியாமலே குடிக்கலாம். முட்டி வலியோடு நடந்த அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய வசதி! துண்டை நனைத்துத் தலையிலும் போட்டுக்கொண்டார்.

அப்புறம் பாந்தியன் என்ற பழங்கால ரோமானியக் கோயில். கிட்டத்தட்ட 1,900 ஆண்டுப் பழைய கான்கிரீட் குவிமாடம், உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்குத் திறப்பு. வெயில் ஒரே ஒரு வட்டமாகத்தான் உள்ளே விழுகிறது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த வட்டம் மெல்ல நகர்வதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோம் என்றால் இனி அதுதான்.

ட்ரெவி நீரூற்றில் ஒரே நெரிசல், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

குடை எடுத்துப் போகச் சொன்னவர்களுக்கும், காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னவருக்கும் அம்மா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.