புது ஸ்பைடர்-மேன் கார்ட்டூன் எம்.சி.யூ. (மார்வெல் படங்களின் ஒரே தொடர் உலகம்) கதைக்குள் வருமா, வராதா?

வலைப்பின்னி:

'யுவர் ஃப்ரெண்ட்லி நெய்பர்ஹுட் ஸ்பைடர்-மேன்' பத்து எபிசோடையும் முடித்துவிட்டேன். ஸ்பாய்லர் நிறைய வரும், பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள். தொடர் பிடித்திருந்தது, அதில் சண்டை இல்லை, என் தலைவலி வேறு. 2021 நவம்பரில் இதை அறிவித்தபோது பெயர் 'ஸ்பைடர்-மேன்: ஃப்ரெஷ்மேன் இயர்'. 'சிவில் வார்' படத்தில் வருவதற்கு முன்னால் பீட்டர் (ஸ்பைடர்-மேன்தான்) என்ன செய்துகொண்டிருந்தான் என்பதுதான் கதை என்றார்கள். 2025 ஜனவரியில் வெளிவந்தபோது பெயரும் மாறியிருந்தது, உலகமும் மாறியிருந்தது.

தயாரித்தவர்கள் தரப்பில் சொன்ன விளக்கம் இது: 'சிவில் வார்' படத்தில் பீட்டர் வீட்டுக்குள் நுழையும்போது அவனை வளர்க்கும் ஆன்ட் மேவோடு டோனி ஸ்டார்க் (அயர்ன் மேன்) உட்கார்ந்திருப்பார் அல்லவா, இங்கே அந்த இடத்தில் ஆஸ்கார்ப் கம்பெனி முதலாளி நார்மன் ஆஸ்போர்ன் உட்கார்ந்திருக்கிறார், அதிலிருந்து அவன் வாழ்க்கை வேறு பாதையில் போகிறது. அப்படியென்றால் அந்தக் காட்சி வரைக்கும் நடந்ததெல்லாம் நம்ம பழைய எம்.சி.யூ.தானே? நண்பன் ஒருவன் முதல் படத்திலிருந்து எல்லாவற்றையும் கால வரிசைப்படி பார்க்க ஆசைப்படுகிறான், அவனுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதன் முதல் எபிசோடை மட்டும் 'சிவில் வார்'-க்கு முன்னால் செருகலாமா?

ஆறுநூற்றுப்பதினாறு:

செருகாதீர்கள். பாவம், உங்கள் நண்பன் குழம்பிப்போவான்.

'நோ வே ஹோம்' படத்தில் வேறு உலகத்திலிருந்து வந்து விழுந்த பழைய படத்து நார்மன் (வில்லெம் டஃபோ) ஒரு காப்பகத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன புலம்புகிறார்? தன் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள், ஆஸ்கார்ப் என்ற கம்பெனியே இந்த உலகத்தில் இல்லை, மகனும் இல்லை என்கிறார். கார்ட்டூனிலோ ஆஸ்கார்ப் நகரத்தின் நடுவில் ஒரு பெரிய சாம்ராஜ்யமாக நிற்கிறது. அவ்வளவு பெரிய கம்பெனி, நார்மன் ஒருநாள் சாயங்காலம் ஒரு வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததால் முளைத்துவிட முடியாது. அது அதற்குப் பல வருடம் முன்பே இருந்திருக்க வேண்டும்.

அதே படத்தில் இன்னொன்று. அதேபோல வேறு உலகத்திலிருந்து வந்த இன்னொரு வில்லன் ஆக்டேவியஸ் தன் பெயரைச் சொன்னதும் பீட்டரும் எம்.ஜே.யும் நெட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இப்படியும் ஒரு பெயரா என்று. அந்த உலகத்தில் அப்படி ஒரு பிரபலமான ஆள் இருந்ததாகவே தெரியவில்லை. கார்ட்டூனில் அந்த ஆள் நியூயார்க்கில் ரவுடிகளுக்கு ஆயுதம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். மேக் கார்கன் விஷயம் வேறு இருக்கிறது ('ஹோம்கமிங்' படத்தில் கப்பலில் பிடிபடும் சாதாரண ஆள், இங்கே ஸ்கார்பியன் என்ற முழு வில்லன்), ஆனால் அது பிறகு மாறியிருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

மிட்டவுன் மாணவி:

ஆஸ்கார்ப் பாயின்ட் சரி. ஆனால் அதைவிட நேரடியான ஆதாரம் முதல் எபிசோடிலேயே இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை? பள்ளிக்கூடம்! பீட்டர் முதல் நாள் மிட்டவுன் வாசலில் போய் நிற்கிறான், மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் ஒரு ராட்சத ஜந்துவோடு சண்டை போட்டுக்கொண்டு ஆகாயத்திலிருந்து வந்து விழுகிறார், பள்ளி நாசமாகிறது, பையன் வேறு பள்ளியில் சேர வேண்டியதாகிறது. படங்களில் அவன் மிட்டவுனில்தான் படிக்கிறான், நெட்டைப் பார்ப்பதும் அங்கேதான். இதெல்லாம் நார்மன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடக்கிறது. ஆக, பாதை பிரிந்தது சோபாவில் இல்லை, பள்ளி வாசலில்.

அப்புறம் பீட்டரை வளர்த்த அங்கிள் பென். எனக்கு இதுதான் உறுத்துகிறது. 1962-இல் வந்த முதல் காமிக்ஸ் கதையில் சிலந்தி கடிக்கிறது, பீட்டர் திருடனைத் தடுக்காமல் விடுகிறான், அதே திருடனால் பென் சாகிறார், குற்ற உணர்ச்சி வருகிறது. இந்த வரிசைதான் அந்தப் பாத்திரத்தின் முதுகெலும்பு. எம்.சி.யூ.வில் பென் செத்ததைக் காட்டவே இல்லை, ஆனால் 'சிவில் வார்' படத்தில் ஸ்டார்க்கிடம் பீட்டர் திக்கித் திணறிப் பேசுவதை ஒருமுறை கேட்டுப்பாருங்கள். தன்னால் செய்ய முடிகிற காரியத்தைச் செய்யாமல் விட்டு, அதனால் கெட்டது நடந்தால், அது தன்னால் நடந்தது என்பான். சக்தி வந்த பிறகு எதையோ இழந்தவன் மட்டும்தான் அப்படிப் பேசுவான். கார்ட்டூனில் பென் சிலந்தி கடிப்பதற்கு முன்பே போய்விட்டார். இது வேறு பீட்டர், அவ்வளவுதான்.

வலைப்பின்னி:

பென் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் பள்ளிச் சண்டையைப் பற்றி ஒரு சந்தேகம். அந்த ஜந்து எங்கிருந்து வந்தது என்று கடைசி எபிசோடில் காட்டிவிட்டார்களே. வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று எம்.சி.யூ.வுக்குள் புகுந்து பாதையை மாற்றியது என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

கடிகாரக் கிறுக்கன்:

நான் காத்திருந்த கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து வரவில்லை என்பதுதான் விஷயமே. கடைசி எபிசோடில் ஆஸ்கார்ப் கட்டிய இயந்திரம் ஒரு வாசலைத் திறக்கிறது, ஜந்து வருகிறது, ஸ்ட்ரேஞ்ச் வருகிறார், அவர் அதைத் துரத்திக்கொண்டு போய் விழுகிற இடம் முதல் எபிசோடின் பள்ளி வாசல். கூடவே பீட்டரின் ரத்தத்தை வைத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சிலந்தியும் அந்த வாசல் வழியாக நழுவிப்போய் அவனையே கடிக்கிறது. அதாவது அவனுக்குச் சக்தி கொடுத்த சிலந்திக்குச் சக்தி கொடுத்தது அவன் ரத்தம். தொடக்கமே இல்லாத வட்டம்.

இதை 'எண்ட்கேம்' சொன்ன விதியோடு வைத்துப் பாருங்கள். பேனர் (ஹல்க்) அதில் தெளிவாகச் சொல்வார்: நீ கடந்த காலத்துக்குப் போனால் அது உன் எதிர்காலம் ஆகிவிடுகிறது, அங்கே என்ன செய்தாலும் நீ கிளம்பி வந்த காலத்தை மாற்ற முடியாது. அந்தக் கணக்குப்படி, பின்னோக்கிப் போன சிலந்தி வேறொரு கிளையில் வேறொரு பீட்டரைத்தான் கடித்திருக்க வேண்டும், கிளம்பின இடத்திலிருந்த பீட்டருக்கு முதலில் சக்தியே வந்திருக்கக் கூடாது. ஆனால் இங்கே வட்டம் கச்சிதமாக மூடிக்கொள்கிறது. ஆஸ்கார்ப், ஆக்டேவியஸ், பென் எல்லாம் மேல்பூச்சு என்றால் இது அஸ்திவாரம், அந்த உலகத்தில் காலம் ஓடுகிற முறையே வேறு.

எனக்கு எதிராக நானே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு வந்து பிடித்துக்கொள்வீர்கள். 'எண்ட்கேம்' விதி காலப் பயணம் செய்ய அவர்கள் கட்டிய குவாண்டம் இயந்திரத்துக்குச் சொன்னது. மந்திரத்துக்கு அது பொருந்துமா? 2016-இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தில் அவர் டோர்மாமு என்ற வில்லனைக் காலச் சுழலில் போட்டு அடைக்கிறார். 'லோகி' இரண்டாவது சீசனிலும் ஒரு புத்தகம் இதே மாதிரி வட்டமடிக்கிறது, ஆனால் அது டி.வி.ஏ., காலத்துக்கு வெளியே இருக்கிற இடம் என்று தப்பிக்க வழி இருக்கிறது. நியூயார்க் தெருவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே என் முடிவு: கிளை அல்ல, தனி மரம். கிளை என்றால் பிரிகிற இடம் ஒன்று வேண்டும், இதில் அந்த இடத்தை நீங்கள் எவ்வளவு பின்னால் தேடிக்கொண்டு போனாலும் அதற்கும் பின்னால் ஏதாவது ஒன்று வேறாக இருக்கும்.

பழைய டேப்:

தம்பிகளா தங்கைகளா, எல்லாம் சரி, ஆனால் எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். 2012 'அவெஞ்சர்ஸ்' சண்டைக்குப் பிறகு 'எட்டு ஆண்டுகளுக்குப் பின்' என்று கார்டு போட்டுக்கொண்டு ஆரம்பித்த படம்தான் 'ஹோம்கமிங்'. கூட்டிப்பாருங்கள், 2020 வருகிறது. கதையோ 2016-இல் வந்த 'சிவில் வார்'-க்குச் சில மாதம் கழித்து நடக்கிறது! அதற்காக யாரும் அந்தப் படத்தைத் தனி உலகம் என்று தள்ளிவைக்கவில்லை, எண் தப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம்.

உண்மையாகவே பழைய கதையைத் தொடர்வது என்றால் 'எக்ஸ்-மென் 97' மாதிரி இருக்கும். 1997-இல் எக்ஸ்-மென் தலைவர் சேவியர் பூமியை விட்டுப் போவதோடு முடிந்த கார்ட்டூனை 2024-இல் அதே இடத்திலிருந்து எடுத்தார்கள். அதன் கடைசி எபிசோடில் பீட்டரும் மேரி ஜேனும் ஒரு நொடி தலைகாட்டுவார்கள். 90களின் ஸ்பைடர்-மேன் தொடர், பீட்டர் அவளைத் தேடிக் கிளம்புவதோடு நின்றுபோனது. கண்டுபிடித்தானா என்று இத்தனை வருடம் காத்திருந்தவனுக்கு அந்த ஒரு நொடி போதும். வசனம்கூடக் கிடையாது. நான் நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

புதுத் தொடர் அந்த வகை இல்லை. ஆனால் அந்த சோபா காட்சி, 'சிவில் வார்' பார்த்தவனுக்கு மட்டும்தான் திடுக்கென்று இருக்கும். பார்க்காதவனுக்கு ஒரு பணக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார், அவ்வளவே. உலகத்தை ஒட்ட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, நம்ம ஞாபகத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், கொஞ்சம் திருட்டுத்தனமும்.

ஆறுநூற்றுப்பதினாறு:

எட்டு வருடக் கார்டு கைத்தவறு ஐயா, இது திட்டமிட்டுச் செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மற்றபடி திருட்டுத்தனம் என்பது சரியான வார்த்தை.

வலைப்பின்னி:

பட்டியலைத் திருத்திவிட்டேன். வரிசையிலிருந்து எடுத்து, கீழே 'வாட் இஃப்' (இப்படி நடந்திருந்தால் என்ற மாற்றுக் கதைகளின் தொடர்) பக்கத்தில் தனியாகப் போட்டாயிற்று. பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும்: 'சிவில் வார்' பார்த்த பிறகு பார். பீட்டர் குப்பையில் கிடைத்த டிவிடி பிளேயரோடு வீட்டுக்குள் நுழைகிற காட்சி நினைவில் இருக்கும்போதே பார்த்தால் நல்லது.

கடிகாரக் கிறுக்கனுக்கு ஒரு கேள்வி பாக்கி. ஸ்ட்ரேஞ்ச் கடைசியில் வருகிறாரே, அவருக்கு முதல் எபிசோட் சண்டை ஏற்கெனவே நடந்து முடிந்ததா, இல்லை இனிமேல்தானா? இரண்டு முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.